தூரத்து மலைக்கு நீலம் பூசியும் படம் ஏன் தட்டையாகவே இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வாட்டர்கலரில் மலை, மரம், பாதை என்று நிலக்காட்சி வரைகிறீர்கள், பெரும்பாலும் போட்டோவைப் பார்த்து. தூரத்து மலைக்கு நீலம் பூசினீர்கள். பின்னால் இருக்கும் மரங்களைச் சின்னதாக்கினீர்கள். வளைந்து போகும் பாதையையும் போகப்போகக் குறுக்கினீர்கள். அப்படியும் எல்லாம் சுவரில் ஒட்டிய தாள் மாதிரி ஒரே தளத்தில் நிற்கிறது, கண் உள்ளே போக வழியே இல்லை என்கிறீர்கள்.

செய்த மூன்றும் சரிதான். விட்டுப்போனது காற்று. தூரத்து மலைக்கும் உங்களுக்கும் நடுவில் பல கிலோமீட்டர் காற்று நிற்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து மலையை மட்டும் வரைந்துவிடுகிறோம். உண்மையில் அந்த மலை என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு பல நேரம் காற்றுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், புத்தகங்களில் தனித்தனி விதிகளாகச் சொல்லப்படும் பல விஷயங்கள் இதிலிருந்தே கிளம்பி வருவது தெரியும்.

நிலக்காட்சி வரைகிறவருக்கு ஒரு சலுகையும் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளின் ஆழத்தை நம் இரண்டு கண்களும் சேர்ந்து அளக்கின்றன. இடது கண்ணில் விழும் காட்சியும் வலது கண்ணில் விழும் காட்சியும் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்து மூளை இது முன்னால், அது பின்னால் என்று சொல்லிவிடும். ஆனால் இரண்டு கண்களுக்கும் இடைவெளி ஆறேழு சென்டிமீட்டர்தான். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையைப் பொறுத்தவரை இரண்டு கண்ணுக்கும் ஒரே காட்சி. அங்கே மூளை வேறு தடயங்களைத் தேடுகிறது. எது எதை மறைக்கிறது, எது வெளிறியிருக்கிறது, எது பொடிப்பொடியாகத் தெரிகிறது, எது அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. இவை அத்தனையும் தாளில் வைக்கக்கூடிய தடயங்கள். மேஜைமேல் இருக்கும் பழத்தை வரைகிறவர் பார்ப்பவரின் இரண்டு கண்களோடும் போராட வேண்டும். உங்களுக்கு அந்தப் போராட்டம் இல்லை.

சரி, காற்று என்ன செய்கிறது? ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மலையிலிருந்து உங்கள் கண்ணை நோக்கி வரும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது. அதோடு, நடுவில் இருக்கும் காற்றின்மேல் விழும் வெயிலையும் சிதறடித்து, அதில் ஒரு பகுதியை உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. முதல் வேலை கழித்தல், இரண்டாவது கூட்டல். இந்தக் கூட்டல்தான் மலைமேல் போர்த்திய மெல்லிய திரை மாதிரித் தெரிகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். அந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1871இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கணக்குப் போட்டுக் காட்டினார். 450 நானோமீட்டர் நீலத்தை 650 நானோமீட்டர் சிவப்போடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. அதனால்தான் திரை நீலமாக இருக்கிறது.

இங்கேதான் உங்கள் படத்துக்கான விடை இருக்கிறது. திரை என்பது வெளிச்சம். வெளிச்சத்தை எதன்மேல் கூட்டினாலும் அது வெளிறத்தான் செய்யும், அடர்த்தியாக வழியே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல்கள்மேல் கூட்டினால் மாற்றம் பளிச்சென்று தெரியும், ஏற்கெனவே வெளுப்பாக இருப்பதன்மேல் கூட்டினால் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே தூரம் கூடக்கூட முதலில் காணாமல் போவது அடர்த்தியான நிழல்கள். வெளிச்சப் பகுதிக்கும் நிழல் பகுதிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் மலை முழுக்க ஒரே டோனில், அதாவது ஒரே வெளிர்-அடர்த்தி அளவில், வானத்தின் அடிப்பகுதியைவிடக் கொஞ்சமே அடர்த்தியாக நிற்கும். இதுதான் விதி. நீலம் இதன் ஒரு தோற்றம் மட்டுமே.

நீலம் தோன்றாத இடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பனி மூடிய சிகரமோ, அடிவானத்துப் பக்கம் வெயில்பட்டு நிற்கும் வெள்ளை மேகமோ, தூரத்தில் நீலமாவதில்லை. அவற்றின்மேல் கூட்ட இடம் குறைவு. அவற்றிலிருந்து வரும் வெளிச்சம்தான் வழியில் தன் நீலத்தை இழக்கிறது, அதனால் லேசாக மஞ்சள் கலந்து தெரியும். தூரத்து மேகத்தைச் சுத்த வெள்ளையாக விட்டுவிட்டால் அது முன்னே துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு கை பூசினால் பின்னே போய்விடும். மூடுபனியிலும் கதை வேறு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அப்போது திரை வெள்ளை அல்லது சாம்பல். மூடுபனிக் காலையை வரைந்துவிட்டு, விதி என்று தூரத்து மலைக்கு நீலம் பூசினால் படம் பொய் சொல்லும். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு தூசியெல்லாம் அடங்கிவிடும், திரை மெல்லியதாகிவிடும், தூரத்து மலை பக்கத்தில் வந்து நின்றாற்போல் இருக்கும். அந்த நேரத்தை வரையும்போது காற்றை நம்ப முடியாது. வேறு தடயங்களைத் தேட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றின் இந்த வேலையை எழுத்தில் கச்சிதமாகப் பிடித்தவர் லியனார்டோ டா வின்சி. ஐந்து மடங்கு தள்ளி இருப்பதாகக் காட்ட வேண்டிய கட்டடத்தை ஐந்து மடங்கு நீலமாக்கு என்று தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதைவிட எனக்குப் பயன்பட்டது அவருடைய இன்னொரு கவனிப்பு. தரைக்குப் பக்கத்தில் காற்று தடிப்பாக இருக்கும், மேலே போகப்போக மெலியும், அதனால் தூரத்து மலையின் உச்சி அடியைவிட அடர்த்தியாகத் தெரியும் என்கிறார். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மலையின் அடி பாரமாக இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது, கையும் அடியில் நிறத்தைக் குவிக்கிறது.

இப்போது உங்கள் படத்தை போனில் போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். டியூபிலிருந்து வரும் அல்ட்ராமரைன் நீலம் பேலட்டில் இருக்கும் மிக அடர்த்தியான நிறங்களில் ஒன்று. அதைத் தாராளமாகப் போட்ட மலை, முன்னால் இருக்கும் பச்சை மேட்டைவிடக் கறுப்பாக வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வண்ணத்தில் பார்க்கும்போது நீலம் என்ற எண்ணம் கண்ணை ஏமாற்றிவிடும். கறுப்பு வெள்ளையில் உண்மை தெரிந்துவிடும். போன் இல்லாவிட்டால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், அதுவே போதும்.

மலைத்தொடர்களை நான் எப்படி வரைகிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த ஒன்று கைவந்தால் பாதி வேலை முடிந்தது. நான்கு அடுக்கு மலைகள் என்று வைத்துக்கொள்வோம். பேலட்டில் ஒரே ஒரு கலவைதான், கடைசிவரை அதைக் கழுவுவதில்லை. முதலில், மிகத் தூரத்து மலைக்கு, கோபால்ட் நீலம், அதில் ஊசிமுனை அளவு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிறையத் தண்ணீர். நீலத்தின் பளபளப்பைக் கொஞ்சம் அடக்கத்தான் அந்தச் சியன்னா. தாளில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். காய்ந்தால் வாட்டர்கலர் இன்னும் வெளிறும் என்பதால், மனதில் இருப்பதைவிட ஒரு பிடி தூக்கலாகப் போடுங்கள். மலையின் மேல்விளிம்பை வரைந்து நிறத்தைக் கீழே இழுத்துவந்து, அடியில் வெறும் தண்ணீர் பிரஷால் தொட்டு அதைக் கரைத்துவிடுங்கள். மேலே மெல்லிய நீலம், கீழே ஏறக்குறைய வெறும் தாள். பிறகு முழுக்கக் காய விடுங்கள். பொறுமை இல்லாமல் ஈரத்தின்மேலேயே அடுத்த மலையைப் போட்டால் இரண்டும் கலந்துவிடும், அடுக்கு போய்விடும்.

அடுத்த மலைக்கு அதே கலவையில் கொஞ்சம் அல்ட்ராமரைன் சேர்க்கிறேன், தண்ணீரைக் குறைக்கிறேன். இதன் மேல்விளிம்பு முதல் மலையின் வெளிறிய அடியின்மேல் வந்து விழும். தெளிவான அடர்ந்த விளிம்பு, அதன் பின்னால் வெளிறிய மூட்டம். இந்த ஒரு சந்திப்பில்தான் ஆழம் பிறக்கிறது. காய்ந்த தாளில் இது உருவாகும் கணத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. மூன்றாவது மலையில் கலவைக்குள் யெல்லோ ஆக்கர் வருகிறது, முதல்முறையாகப் பச்சை தலைகாட்டுகிறது, ஆனால் சாம்பல் படிந்த பச்சை. நான்காவதில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கெட்டியாக, கூடவே நல்ல மஞ்சள். இங்குதான் உங்கள் படத்தின் மிக அடர்ந்த நிழல் இருக்க வேண்டும். ஒரே கலவை வளர்ந்துகொண்டே வருவதால் ஒவ்வொரு மலையிலும் முந்தைய மலையின் நிறம் கொஞ்சம் இருக்கும். எல்லா மலைகளும் ஒரே காற்றில் நிற்பது போன்ற ஒற்றுமை இதனால் வருகிறது. மலைக்கு ஒரு டியூப் என்று தனித்தனியாக எடுத்தால் அது வராது.

அடுக்குகளுக்கு இடையே டோன் வித்தியாசம் படிக்கட்டு மாதிரி சமமாக இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டரிலிருந்து இரண்டாவது கிலோமீட்டருக்குப் போகும்போது நிறம் நிறையவே மாறும். பத்திலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது கிட்டத்தட்ட மாறாது. ஏற்கெனவே போர்த்திய திரைமேல் இன்னும் ஒரு திரை, அவ்வளவுதான். ஆகவே முன்னால் பெரிய தாவல், பின்னால் போகப்போகச் சின்னத் தாவல். கடைசி இரண்டு மலைகளுக்கு இடையே வித்தியாசம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கட்டும். சமமாகப் பிரித்த படங்கள் அட்டையை வெட்டி வரிசையாக நிறுத்திய மேடை மாதிரித் தெரிவது இதனால்தான்.

பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தூரம் கூடும்போது பச்சையிலிருந்து முதலில் விடைபெறுவது மஞ்சள். ஓவியர்கள் வழிவழியாகச் சொல்லும் கைமுறை இது, ஏறக்குறைய எப்போதும் பலிக்கும். நடுப்பகுதி மரங்களுக்கு முன்பகுதிப் புல்லின் மஞ்சள் பச்சையையே போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சின்னதாக வரைந்தாலும் அந்த மரங்கள் முன்னே ஓடி வந்துவிடும்.

சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்த நிறம் பின்னே போகும் என்று ஒரு சூத்திரம் எல்லோருக்கும் சொல்லித்தரப்படுகிறது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் சரி. அந்திப் பொழுதில் அடிவானம் செம்மஞ்சளாக இருக்கும், முன்னால் இருக்கும் நிலம் நிழலில் நீலமாக இருக்கும். அப்போதும் ஆழம் குறைவதில்லை, டோனும் விளிம்பும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அதனால் நிறத்தையும் டோனையும் முட்டவிட்டால் நான் எப்போதும் டோன் பக்கம்தான் நிற்பேன்.

வெறும் டோனை வைத்தே எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குச் சீன ஓவியர் குவோ ஷி 1072இல் வரைந்த இளவேனில் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். இப்போது தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் மையின் அடர்த்தியை வைத்தே அதில் மலை எழும்புகிறது. மலைகளுக்கு நடுவே மூட்டம் இருக்கும் இடங்களில் பட்டுத்துணி ஏறக்குறைய வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெறுமைதான் அங்கே மிகத் தொலைவான இடம். குவோ ஷி மூன்று வகைத் தொலைவுகளையும் பிரித்துச் சொன்னார். அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது ஒன்று, மலைக்கு முன்னால் நின்று அதன் பின்னால் இருப்பதை எட்டிப் பார்ப்பது ஒன்று, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைச் சமமட்டத்தில் பார்ப்பது ஒன்று. இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுகூடுவதாகக் காட்டும் மறையும் புள்ளி இல்லாமலேயே ஆழத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யோசிக்க முடிந்திருக்கிறது.

மறையும் புள்ளியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இத்தாலியில் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி செய்து காட்டி, 1435இல் அறிஞர் ஆல்பெர்ட்டி எழுதிவைத்த அந்த முறை கட்டடங்களுக்கும் தண்டவாளத்துக்கும் இன்றியமையாதது. காட்டிலும் மேட்டிலும் நேர்கோடு அபூர்வம். ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விடவே கூடாது. அது கண்மட்டம்.

சமதரையில் நின்று பார்த்தால் அடிவானம் எப்போதும் உங்கள் கண்ணின் உயரத்தில் இருக்கும். உங்கள் உயரமே உள்ள ஒருவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் அவருடைய கண்ணும் அடிவானக் கோட்டில்தான் வரும், கால்தான் மேலே ஏறும். தூரத்து மனிதரை வெறுமனே சின்னதாக வரைந்து அடிவானத்துக்குக் கீழே தலையை வைத்துவிட்டால் அவர் குள்ளராகவோ பள்ளத்தில் நிற்பவராகவோ தெரிவார்.

தரையின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. நீங்கள் பாதை வளைந்து போவதாக வரைந்திருக்கிறீர்கள் என்றீர்கள். பெரும்பாலான படங்களில் அப்படிப்பட்ட பாதையோ ஆறோ பாம்பு மாதிரிச் செங்குத்தாக மேலே ஏறும். காரணம் இது. சமதரையில் மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கல் உங்கள் தாளில் அடிவானத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டரில் இருக்கும் கல் ஐந்து சென்டிமீட்டர் கீழே வரும். முப்பது மீட்டரில் இருப்பது ஒரு சென்டிமீட்டர் கீழே. முந்நூறு மீட்டரில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கீழே. அதாவது முப்பது மீட்டரிலிருந்து அடிவானம்வரை உள்ள மொத்த நிலமும் தாளின் அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பாதையின் முதல் வளைவு தாராளமாக இருக்கலாம். இரண்டாவது வளைவு பாதி உயரம்கூட இருக்கக் கூடாது. மூன்றாவதிலிருந்து கிட்டத்தட்டப் படுக்கைக் கோடுகள்தான், கத்திமுனை மாதிரி. அகலத்தைக் குறுக்கியது போதாது, வளைவையும் அழுத்திப் படுக்கவைக்க வேண்டும். இதை ஒரு தடவை திருத்திப் பாருங்கள், செங்குத்தாக நின்ற தரை சட்டென்று படுத்துவிடும்.

தரையின் மேல்தோற்றத்துக்கும் இதே கணக்குதான். கால்பக்கத்துக் கூழாங்கற்கள் தனித்தனியாகத் தெரியும், கொஞ்சம் தள்ளிச் சொரசொரப்பாகத் தெரியும், அதற்கப்பால் வெறும் நிறம். தாள் முழுக்க ஒரே அளவில் புல் கீறல் போட்டால் அது நிமிர்ந்த சுவர்.

வானமும் ஒரு தரைதான், தலைகீழான தரை. தலைக்கு நேர்மேலே இருக்கும் மேகம் பெரியது, அடிவானத்துப் பக்கம் போகப்போக மேகங்கள் ஒல்லியாகி, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, கோடுகளாகிவிடும். நீலமும் உச்சியில் அடர்த்தி, அடியில் வெளிர். மலைகளை எவ்வளவு நன்றாக வரைந்தாலும் வானத்தில் ஒரே அளவு மேகங்களை உருண்டை உருண்டையாகத் தூவிவிட்டால் பாதி ஆழம் போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து பலமுறை வரைந்த டச்சு ஓவியர் யாக்கோப் வான் ராய்ஸ்டேல் படத்தில் பெரும்பகுதியை வானத்துக்கே கொடுத்தார். கீழே தட்டை நிலம். அதன்மேல் மேக நிழல் ஒரு பட்டை, வெயில் ஒரு பட்டை, மறுபடி நிழல் என்று மாறி மாறி விழும். கண் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும்போது தானாகவே தூரத்தை எண்ணிக்கொள்கிறது. மலையே இல்லாத சமவெளியை வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டோனைப் பற்றிப் பேசும்போது ஜான் கார்ல்சன் என்ற அமெரிக்க ஓவியர் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் சொல்லிவைத்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மேலே வானத்திலிருந்து வருகிறது. ஆகவே வானம் மிக வெளிர், வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் தரை அடுத்தது, சாய்ந்து நிற்கும் மலைச்சரிவு அதற்கடுத்தது, நெட்டுக்குத்தாக நிற்கும் மரம் எல்லாவற்றையும்விட அடர்த்தி. பனிபடர்ந்த நிலமும் புயல் வானமும் இதற்கு விதிவிலக்கு. மற்ற நாட்களில், மரத்தையும் தரையையும் ஒரே டோனில் போட்டுவிட்டோமா என்று மட்டும் பார்த்தாலே பல படங்கள் தேறிவிடும்.

மழைக்குப் பிந்தைய தெளிந்த காற்றைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே கைகொடுப்பது மறைத்தல். ஒன்று இன்னொன்றை மறைத்தால் மறைக்கப்பட்டது பின்னால் இருக்கிறது, இதில் மூளைக்குச் சந்தேகமே வராது. 1565இல் ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புருகல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. இடது பக்கம் முதுகைக் காட்டி நடக்கும் வேட்டைக்காரர்கள், நாய்கள், சரிவில் வரிசையாக இறங்கும் மரங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னது. அப்புறம் சரிவு முடிந்துவிடுகிறது. முடிந்த இடத்திலிருந்து பள்ளத்தாக்கின் தரைவரை என்ன இருக்கிறது என்று அவர் காட்டவே இல்லை. அடுத்து கண்ணில் படுவது கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் புள்ளிப் புள்ளியான மனிதர்கள். நடுவே ஒரு பறவை சிறகை விரித்துப் பறக்கிறது. அந்தப் பறவைக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் வயிற்றில் உணரக்கூடிய அளவுக்கு ஆழம். காட்டாமல் விட்ட இடத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. உங்கள் படத்தில் பாதை ஒரு துளி இடைவெளி இல்லாமல் அடிவாரம்வரை தெரிகிறது என்றால், ஒரு மேட்டுக்குப் பின்னால் அதைக் கொஞ்சம் மறையவிடுங்கள். அப்பால் திரும்பத் தலைகாட்டும்போது பாதிக்கும் குறைவான அகலத்தில் வரட்டும்.

விடுவது என்று பேச்சு வந்ததால் விளிம்புகளையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு முறை தூரத்துச் சரிவில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாக, கிளையும் நிழலுமாக, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். சரியான அளவு, சரியான நிறம், ஆனாலும் மலை முன்னே வந்து மூக்கில் இடித்தது. பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஓவியர் ஒருவர் பட்டை பிரஷை நனைத்து, பிழிந்து, அந்தச் சரிவின் குறுக்கே ஒரே இழுப்பு இழுத்தார். மரங்கள் கரைந்து பச்சையும் சாம்பலுமான ஒரு படலமாயின. மலை அங்கேயே, என் கண்முன்னால், பின்னே போனது. மரங்கள் காணாமல் போகவில்லை, அங்கே காடு இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்தது. அன்றிலிருந்து தூரத்துப் பகுதிகளை ஈரத்தாளில் பெரிய பிரஷால் மட்டுமே தொடுகிறேன். சின்னப் பிரஷ் முன்பகுதிக்கு. கூரிய விளிம்பு, உலர்ந்த பிரஷின் சொரசொரப்பு, நுணுக்கமான கீறல் எல்லாவற்றையும் முன்பகுதிக்கும் கண் வந்து தங்க வேண்டிய ஓர் இடத்துக்கும் சேமித்து வையுங்கள். ஆயிலில் வரைகிறவர்கள் இதே வேலையைப் பின்னால் மெல்லிய பூச்சு, முன்னால் தடித்த பூச்சு என்று செய்கிறார்கள்.

முன்பகுதியில் ஒரு பக்கமாகக் கறுத்த மரம் ஒன்றை நிறுத்திக் காட்சியைச் சட்டமிடுவது பழைய உத்தி, பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன் இதில் கைதேர்ந்தவர். பலன் உண்டு. ஆனால் மரத்தின் வேரும் நிழலும் தரையோடு சேராமல் வெறும் சட்டமாக நின்றால் ஒட்டவைத்தது மாதிரித் தெரியும். எனக்கு இதில் அவ்வளவு மோகம் இல்லை.

கடைசியாக, போட்டோ. கேமரா நிழல்களைக் கண் பார்ப்பதைவிடக் கறுப்பாக்கும். போனின் அகலமான லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கித் தூரத்து மலையைச் சுருக்கிவிடும். அதையே பார்த்து வரைந்தால், உங்கள் கண்ணில் கம்பீரமாக நின்ற மலை தாளில் ஒரு கோடாகிவிடும். போட்டோவை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது தூரம் தெரியும் இடத்தில் போய் நில்லுங்கள், தூரிகைகூட வேண்டாம். ஒரு கறுப்பு அட்டையைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தூரத்து மலையின் மிக அடர்ந்த நிழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்திருந்த அந்த நிழல் எவ்வளவு வெளுப்பு என்பது தெரியும். பிறகு அதே அட்டையைப் பக்கத்து மரத்தின் நிழலோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது கையில் இருக்கும் படத்தையும் காப்பாற்றலாம். தூரத்து மலையின் அடிப்பாதியைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, அரை நிமிடம் விட்டு, மெல்லிய காகிதத்தால் ஒற்றியெடுங்கள். தேய்க்க வேண்டாம், தாள் பிய்ந்துவிடும். பூசியது அல்ட்ராமரைன் என்றால் நன்றாகவே கிளம்பி வரும். தாலோ நீலம் தாளைக் கறைப்படுத்திவிடும், சுலபத்தில் வராது. அப்படியானால் அந்த மலையை அப்படியே விட்டுவிட்டு முன்னால் இருக்கும் மேட்டிலும் மரத்திலும் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்து இன்னும் ஒரு கை அடர்த்தி ஏற்றுங்கள். காய்ந்ததும் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் படத்தைப் பாருங்கள். ஓரங்கள் மறைந்து, இரண்டாவது கண்ணின் தலையீடும் இல்லாதபோது, எது பின்னே போயிருக்கிறது, எது இன்னும் முன்னே துருத்துகிறது என்று தெரியும். துருத்துவது எதுவோ, அடுத்து அதைத் தொடுங்கள்.